முதலில் தாயைப் பார்க்கணும்

மாடு வாங்கப் போகும் டெல்டாக்காரரை ஏமாற்றுவது லேசான காரியம் இல்லை. மணப்பாறைச் சந்தையானாலும் திருத்துறைப்பூண்டிப் பக்கம் யார் வீட்டுக் கொட்டகையானாலும் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். சுழி பார்ப்பார். எத்தனையாவது ஈத்து, தாய் எவ்வளவு கறந்தது, எந்தக் காளைக்குப் பிறந்தது என்று கேட்டுக்கொண்டே முதுகைத் தடவுவார். உம்பளச்சேரி என்று யாராவது சொன்னால் நெற்றி வெள்ளையையும் கால் வெள்ளையையும் அவர் கண் தானாகத் தேடும். அந்த இனத்துக் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே மனிதர் மகள் கேட்டாள் என்று லேப் குட்டி வாங்கும்போது என்ன செய்கிறார்? வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தைப் பார்க்கிறார், ஜிபேயில் அட்வான்ஸ் போடுகிறார், மறுநாள் விடிகாலை தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஆம்னி பஸ்ஸிலிருந்து இறக்கித் தரும் அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டு வருகிறார்.

பெட்டிக்குள் இருப்பதற்கு எத்தனை நாள் வயது, அதன் தாய் எந்த ஊரில் எந்த நிலையில் இருக்கிறது என்பது பஸ் டிரைவருக்குத் தெரியாது. பெரும்பாலும் விற்றவருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் மூன்றாவது கை. போன் போட்டுக் கேட்டால், "நாப்பத்தஞ்சு நாள் சார், ஃபுல் வேக்சினேஷன் முடிஞ்சிருச்சு" என்று பதில் வரும். நாற்பத்தைந்து நாளில் எந்த நாய்க்கும் தடுப்பூசி முடியாது என்பதால், அந்த ஒரு வாக்கியமே போதும், மற்றதையும் சந்தேகப்பட.

ஜாதி நாய் வாங்குவது சரியா, தெருக்குட்டியை எடுத்து வளர்ப்பது சரியா என்ற பட்டிமன்றத்துக்குள் இங்கே போகவில்லை. வாசலில் வந்து ஒண்டிய குட்டிக்குச் சோறு வைத்து ஆளாக்கியவர்கள் தஞ்சை மாவட்டத்தில் ஏராளம். அந்த நாய்களில் பல எந்தப் பதக்க நாயையும்விடத் திடமானவை. குறிப்பிட்ட இனம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர், வீட்டில் ஒன்றிரண்டு பெட்டை நாய்களை வைத்து அக்கறையோடு குட்டி எடுப்பவரை எப்படி அடையாளம் காண்பது என்பதே பேச்சு.

தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்று பழமொழி. பெண்களைப் பொறுத்தவரை அது என்ன நியாயம் என்பது வேறு பேச்சு. நாய்க்குட்டிக்கு அட்சரம் பிசகாமல் பொருந்தும். இங்கிலாந்தில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013-ல் மீட்கப்பட்ட லூசி என்ற கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல், ஓயாமல் குட்டி போட்டுப் போட்டு உருக்குலைந்திருந்தது. அதன் பெயராலேயே அழைக்கப்படும் லூசி சட்டம் 2020 ஏப்ரல் 6-ல் அமலுக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகரோ கடையோ வியாபாரமாக விற்கக் கூடாது. வளர்த்தவரே, பிறந்த இடத்திலேயே, தாயுடன் வைத்துக் காட்டி விற்க வேண்டும். எத்தனையோ விதிகளை அடுக்கிப் பார்த்த பிறகு அவர்கள் வந்து சேர்ந்த இடம், நம் மாட்டுக்காரர் எப்போதும் நின்ற இடம்தான்.

தாயைப் பார்ப்பது என்றால் தூரத்தில் கட்டிப்போட்டிருப்பதைக் கை காட்டுவது அல்ல. குட்டிகள் அதனிடம் போக வேண்டும், அது அவற்றை முகர வேண்டும். குட்டி ஈன்ற பெட்டை மெலிந்திருக்கும், ரோமம் உதிர்ந்திருக்கும், மடி தொங்கும். இதைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை. புது ஆளைப் பார்த்து இரண்டு குரல் குரைத்துவிட்டு, வீட்டுக்காரர் அதட்டியதும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தால் நல்ல அறிகுறி. வீட்டுக்காரரையே பார்த்து ஒடுங்கினால், தோலில் சொறி இருந்தால், எலும்பை எண்ண முடிந்தால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுப்பது உத்தமம். தகப்பன் அந்த வீட்டில் இல்லையே என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். அது தப்பில்லை. விவரம் தெரிந்தவர்கள் தங்கள் பெட்டைக்கு எந்தக் குறை இருக்கிறதோ அதை ஈடுகட்டும் ஆண் நாயை வேறு ஊரில் தேடிப் போய் இணை சேர்ப்பார்கள். அதன் படத்தையும் காகிதத்தையும் எடுத்துக் காட்டுவார்கள். ஒரே வீட்டில் ஒரே ஜோடி வருஷா வருஷம் குட்டி போட்டுக்கொண்டிருந்தால்தான், இரண்டும் அண்ணன் தங்கையா என்று கேட்க வேண்டும்.

இதெல்லாம் வெறும் நல்ல பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள் 2017 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ளன. குட்டி எடுத்து விற்பவர், அது வீடே ஆனாலும், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் நிரம்பாமல் இணை சேர்க்கக் கூடாது. எட்டு வயதுக்கு மேல் கூடாது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. ஆயுளுக்கு ஐந்து ஈத்து. எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. அதற்குள் மைக்ரோசிப்பும் போட்டிருக்க வேண்டும்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தாலே பாதி விஷயம் வந்துவிடும். "தாய்க்கு என்ன வயசு?" "நாலு." "இது எத்தனையாவது ஈத்து?" "அஞ்சு." சினைக்காலம் 63 நாள். ஒன்றரை வயதில் முதல் இணை என்றாலும், வருஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நாலு வயதுக்குள் மூன்று ஈத்துக்கு மேல் வராது. ஐந்து வந்திருக்கிறது என்றால் அந்தப் பெட்டை பருவத்துக்கு வரும்போதெல்லாம் சினையாக்கப்பட்டிருக்கிறது. சொன்னவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பதுகூடத் தெரிந்திருக்காது. பெருமையாகச் சொல்லியிருப்பார்.

நல்ல வீட்டில் குட்டிகள் இருக்கும் மூலையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பலகை அடித்த பெட்டி, உள்பக்கம் சுற்றிலும் ஒரு சாண் உயரத்தில் ஓடும் சட்டம். தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி சுவரோடு நசுங்காமல் இருக்க அந்த இடைவெளி. கீழே பேப்பர், அதன்மேல் துவைத்த பழைய வேட்டி. மார்கழியில் பிறந்த ஈத்து என்றால் மேலே ஒரு பல்பு. பக்கத்து ஜன்னலில் சமையலறைத் தராசும் நாற்பது பக்க நோட்டும் கிடக்கும். ஒரே நிறத்தில் ஏழு குட்டி பிறந்தால் அடையாளத்துக்குக் கழுத்தில் வேறு வேறு நிறக் கம்பளி நூல் கட்டியிருப்பார்கள். நோட்டில் "சிவப்பு", "பச்சை" என்று எழுதி, தினமும் காலையில் எடை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் எடை ஏறாத குட்டிதான் முதலில் போகும் குட்டி. அதைத் தனியாக எடுத்துப் பால்காம்பில் பிடித்துவைத்துக் காப்பாற்றுவது இந்த நோட்டு. பூச்சி மருந்து கொடுத்த தேதியும் அதில் இருக்கும், இரண்டாம் வாரத்திலிருந்து. கொக்கிப்புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்கு இறங்கிவிடும் என்பதால் கண் திறந்த கையோடு மருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

கண் திறப்பது பத்திலிருந்து பதினான்காம் நாளுக்குள். காது அதற்குப் பிறகு. மூன்றாம் வாரம் தொடங்கியதும் குட்டிக்கு உலகம் அறிமுகமாகிறது. குக்கர் விசில், கிரைண்டர் சத்தம், கொல்லையில் மாடு கத்துவது, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பையை வீசுவது, தெருவில் கோயில் மேளம். ஷெட்டில் அடைத்து வளர்க்கும் குட்டிக்கு இதில் எதுவும் கிடைக்காது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் ஐந்து இன நாய்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1965-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். ஏறக்குறைய மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலத்தில் பார்த்துப் பழகியதை நாய் ஆயுளுக்கும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது, அப்போது தவறவிட்டதைப் பிறகு ஈடுகட்டுவது கஷ்டம் என்பது அதன் சாரம். எட்டாம் வாரம் வரை வளர்ப்பவர் வீட்டில் கழியும் ஐந்து வாரம் அந்தக் காலத்தில் பாதிக்கு மேல். தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கி நடுங்கும் பல நாய்களுக்கு அந்தப் பாதி கிடைக்காமல் போயிருக்கிறது.

அப்புறம் ஏன் எல்லோரும் முப்பத்தைந்தாம் நாளே விற்கத் துடிக்கிறார்கள்? குட்டி உள்ளங்கையில் அடங்கும், படத்தில் பொம்மை மாதிரி இருக்கும், விலை போகும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் தீனிச் செலவு. ஐந்தாம் வாரம் வரை தாய்ப்பால் பார்த்துக்கொள்கிறது. ஐந்திலிருந்து எட்டாம் வாரம் வரை ஏழு குட்டி தின்னும் தீனியும், அது போகும் பீயை அள்ளும் வேலையும், தடுப்பூசிச் செலவும் சேர்ந்து வீட்டுக்காரரின் கழுத்தைப் பிடிக்கும். அந்த மூன்று வாரத்தைச் சுமக்கிறவர் யார், வாங்குபவர் தலையில் கட்டுகிறவர் யார் என்பதுதான் பொறுப்புள்ளவருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசம். அந்த மூன்று வாரத்தில்தான் குட்டி உடன்பிறப்புகளோடு கட்டிப் புரண்டு, கடிக்கும்போது எவ்வளவு அழுத்தினால் எதிராளி கத்துவான் என்று கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி அந்தப் பாடத்தை வீட்டுப் பிள்ளையின் கணுக்காலில் படிக்கும்.

தரையைக் கவனிப்பவர்கள் குறைவு. இப்போது ஊரெல்லாம் வழவழ டைல்ஸ். லேபுக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு பரம்பரையாக வருகிறது. தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேட்பது அதனால்தான். ஆனால் பரம்பரை மட்டும் முடிவு செய்வதில்லை. நார்வேயில் லேப் உள்ளிட்ட நான்கு பெரிய இனங்களைப் பின்தொடர்ந்து 2012-ல் வெளிவந்த ஆய்வில், மூன்று மாதம் வரை தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்தக் கோளாறு அதிகமாகவும், வெளியே மெத்தென்ற மண்ணில் அவிழ்த்துவிட்டு ஓடிய குட்டிகளுக்குக் குறைவாகவும் இருந்தது. காவிரி வண்டல் படிந்த கொல்லை இருக்கும் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் அபார்ட்மென்ட்காரரைவிடக் கொடுத்துவைத்தவர்.

வண்டல் மண்ணுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நெல் விளையும் இடத்தில் எலி உண்டு, எலி இருக்கும் இடத்தில் எலிக்காய்ச்சல் உண்டு. எலியின் சிறுநீரில் வெளியாகும் லெப்டோஸ்பைரா கிருமி தேங்கிய தண்ணீரிலும் ஈர மண்ணிலும் உயிரோடு கிடக்கும். வாய்க்கால் தண்ணீரை நக்கும் நாய்க்கு ஈரலும் சிறுநீரகமும் சேர்ந்து போகும். மனிதர்களுக்கும் இது வரும். ஆகவே மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் ஊரில், குட்டிக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்ப்பது அவசியம். உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும், இந்த நோய் நிலைத்திருக்கும் பகுதிகளில் லெப்டோ ஊசியைக் கட்டாயப் பட்டியலில் வைக்கிறது. பார்வோ வகையறா ஊசிகளில் கடைசித் தவணை பதினாறு வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதல். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கும்வரை ஊசியை அது அமுக்கிவிடும். அது எந்த வாரம் வடியும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் தவணை தவணையாகப் போடுகிறார்கள். நாற்பத்தைந்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது என்பவர் ஒன்று அறியாதவர், இல்லை அறிந்தே சொல்பவர்.

பார்வோவில் ஒரு குட்டியைப் பறிகொடுத்த வீடு, அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்ய அடுத்த வாரமே இன்னொரு குட்டி வாங்குவது டெல்டாவில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் நடக்கிறது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். இரண்டாவது குட்டியும் ரத்தக் கழிச்சலில் போகும். விற்றவர் மேல் பழி விழும், பல சமயம் அநியாயமாக.

எலிக்கு வைக்கும் மருந்தும் நாயைக் கொல்லும். வயலில் பொரியிலோ கருவாட்டிலோ கலந்து வைக்கும் சிங்க் பாஸ்பைடு, வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகிறது. மாற்று மருந்து கிடையாது. தஞ்சாவூர்க் கிட்டி என்று பெயரே பெற்ற மூங்கில் வில் பொறி இந்த விஷயத்தில் நாய்க்காரர்களின் நண்பன். அது எலியைப் பிடிக்கும், வாய்க்காலோரம் மோப்பம் பிடித்துப் போகும் குட்டிக்கு விஷம் வைக்காது. வரப்பில் கண்ணாடி விரியனும், வைக்கோல் போரில் நல்ல பாம்பும், மழை விட்டதும் ஏறும் உண்ணியும் வேறு. நல்ல வளர்ப்பாளர் குட்டியைக் கொடுக்கும் முன்னால், "வீட்டைச் சுத்தி வயலா, எலிமருந்து யார் வைக்கிறாங்க?" என்று கேட்பார். கேட்காதவர் இந்த ஊரில் நாய் வளர்த்தவர் இல்லை.

இனத்துக்கு வருவோம். தஞ்சாவூர்க்காரர்களுக்கு லேபும் பொமரேனியனும் பழகிய அளவுக்குத் தமிழ்நாட்டு இனங்கள் பழகவில்லை. அவற்றின் ஊர்கள் தெற்கே. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் வறண்ட பூமியில் வேட்டைக்கும் காவலுக்கும் உருவானவை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு, நாட்டின் நாய் இனங்களை முறையாகப் பதிவு செய்யத் தொடங்கியதும் முதலில் இடம்பெற்ற மூன்றில் இரண்டு தமிழ்நாட்டுடையவை: ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். மூன்றாவது முதோல். 2020 ஆகஸ்டு 30 அன்று வானொலியில் பிரதமர் இந்த இனங்களைப் பெயர் சொல்லிப் பேசியதும் தேவை கிடுகிடுவென ஏறியது. தேவை ஏறினால் வெள்ளையாக இருப்பதெல்லாம் ராஜபாளையம் ஆகிவிடும்.

கன்னி இனத்தைப் பற்றி ஒரு வழக்கம் சொல்வார்கள். அதை விலைக்கு விற்பதில்லை, கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பார்கள் என்று. குட்டி எந்த வீட்டுக்குப் போகிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது கொடுத்தவருக்குக் கடைசிவரை தெரியும். பொறுப்பான வீட்டு வளர்ப்பாளர் இன்று காகிதத்தில் எழுதி வாங்கும் நிபந்தனைகளை அந்த உறவுமுறை அன்றே செய்துகொண்டிருந்தது. இந்திய நாய்களைப் பற்றி 2017-ல் ஆங்கிலத்தில் முழுப் புத்தகம் எழுதிய சு. தியடோர் பாஸ்கரன் பல காலமாகச் சொல்லிவருவதும் ஏறக்குறைய இதுதான்: இந்த இனங்களைக் காப்பாற்றியவர்கள் அவற்றை வீட்டோடு வைத்து வளர்த்த சாமானியர்கள். அரசு முயற்சி வேறு கதை. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்திவந்த நாய் இனப்பெருக்கப் பிரிவு தமிழ்நாட்டு இனக் குட்டிகளை விற்றுவந்தது. அங்கிருந்த நிலைமையை எதிர்த்து விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குப் போட, 2016-ல் அதை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு முத்திரை மட்டும் தாய் நாய்க்கு நல்வாழ்வு தந்துவிடாது.

ராஜபாளையம் வாங்குபவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று காது. பால் வெள்ளை நிறமும் ரோஜா நிற மூக்கும்தான் இந்த இனத்தின் அழகு. நிறமி இல்லாத அதே காரணத்தால் சில குட்டிகள் செவிடாகப் பிறக்கின்றன. இது ராஜபாளையத்துக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. வீட்டில் சோதிக்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது தட்டைத் தட்டினால் செவிட்டுக் குட்டியும் மற்றவை எழுவதைப் பார்த்து எழுந்து ஓடும். தனி அறைக்குத் தூக்கிப் போய், அது தூங்கிக்கொண்டோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டோ இருக்கும்போது, அதன் கண்ணில் படாமல், தரை அதிராமல் சாவிக்கொத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு காதும் கேட்காததை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் போனதை மூளை அலைப் பரிசோதனையில்தான் பிடிக்க முடியும். "ஆமா, போன ஈத்துல ரெண்டு செவிடு, அந்த ஆணோட மறுபடி சேர்க்கல" என்று சொல்பவரிடம் நம்பி வாங்கலாம். "எங்ககிட்ட அந்தப் பிரச்சனையே கிடையாது" என்பவரிடம் கொஞ்சம் யோசிக்கலாம்.

காகிதம் என்றதும் பலருக்கு மயக்கம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் தாய், தகப்பன் இரண்டும் பதிவாகியிருந்தால் ஈத்தைப் பதிவு செய்யலாம். குட்டிக்கு மைக்ரோசிப் எண்ணோடு சான்றிதழ் வரும், மூன்று தலைமுறை வம்சாவளி தெரியும். கால்நடை மருத்துவரிடம் ஸ்கேனர் இருந்தால் குட்டியின் தோலுக்கடியில் உள்ள எண்ணும் காகிதத்து எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிடலாம். வம்சாவளியில் ஒரே பெயர் இரண்டு பக்கமும் வருகிறதா என்பதையும் அங்கேயே பார்க்க வேண்டும். ஆனால் காகிதம் சொல்வது பிறப்பை, ஆரோக்கியத்தை அல்ல. இடுப்பு சரியில்லாத தாய்க்கும் சான்றிதழ் இருக்கும். காகிதம் இல்லாத நல்ல சிப்பிப்பாறைகள் தெற்குச் சீமையில் எத்தனையோ உண்டு. "பேப்பரோட இவ்வளவு, பேப்பர் இல்லாம இவ்வளவு" என்று ஒரே குட்டிக்கு இரண்டு விலை சொல்பவர் மட்டும் வேண்டாம். அவரிடம் இருக்கும் காகிதம் எந்தக் குட்டிக்கும் பொருந்தும்.

வெளிநாட்டு இனங்களில் ஆசை வைப்பவர்கள் சித்திரை வெயிலை ஒருமுறை நினைத்துக்கொண்டால் நல்லது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். காற்றிலேயே ஈரம் கட்டி நிற்கும் டெல்டாவில் அதுவும் பாதிதான் வேலை செய்யும். சைபீரியாவுக்கென்று இரட்டை ரோமம் போர்த்திய ஹஸ்கியும், மூக்கே இல்லாத பக்கும் இங்கே படும் பாடு அதனால்தான். 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஒரு பக் ஓடியது; அதன் பிறகு நாடெங்கும் பக் குட்டிக்கு அலைந்தார்கள், மூச்சுத் திணறலோடு பிறந்தவையெல்லாம் விலை போயின. 2016 ஏப்ரலில் வணிக இனப்பெருக்கத்துக்காக நாய் இறக்குமதி செய்வதை மத்திய அரசு நிறுத்தியது. ஏற்கெனவே உள்ளே இருந்தவற்றையே திரும்பத் திரும்ப இணை சேர்ப்பவர்கள் கையில் ரத்த உறவு நெருங்கியது. தமிழிலும் ஓடிய 777 சார்லி படத்தின் லேபுக்கு வரும் நோய்க்கு, நெருங்கிய உறவில் குட்டி எடுத்ததையே கதை காரணம் காட்டும். சினிமாதான், ஆனால் அந்த இடத்தில் மிகையில்லை. குளிர்நாட்டு இனங்களை இங்கே பெருக்க வேண்டாம் என்று 2024-ல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தபோது வளர்ப்பாளர்களிடம் பெரிய எதிர்ப்பு எழுந்தது. சட்டம் எப்படிப் போனாலும், பங்குனி முதல் ஆடி வரை ஏசி போட்டு நாய் வளர்க்க முடியாதவர் ஹஸ்கி கேட்பது நியாயமில்லை.

உருப்படியான வீட்டுக்குப் போனால் வாங்குபவருக்கே பரீட்சை நடக்கும். பகலில் வீட்டில் யார்? காம்பவுண்டு சுவர் உண்டா? கட்டிப்போடவா, அவிழ்த்து விடவா? அறுப்புக்கு எல்லோரும் வயலுக்குப் போய்விட்டால் தண்ணீர் வைப்பது யார்? முன்பு நாய் வைத்திருந்தீர்களா, அது என்னவாயிற்று? சிலருக்கு இது அவமானமாகத் தோன்றும், "காசு குடுத்து வாங்குறோம், பொண்ணு கேட்டா வந்திருக்கோம்?" என்பார்கள். கேள்வி கேட்காமல் கொடுப்பவர் காசை எண்ணிய நிமிஷத்தோடு அந்தக் குட்டியை மறந்துவிடுவார் என்பதை யோசிப்பதில்லை. நல்லவர் போடும் நிபந்தனைகளில் முக்கியமானது ஒன்று: எந்தக் காரணத்தாலும் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் எந்த வயதிலும் திரும்பத் தன்னிடமே கொண்டுவந்து விட வேண்டும். பைபாஸ் ஓரத்தில் கழுத்துப் பட்டையோடு திரியும் லேபுகளுக்கு அப்படி ஒரு வீடு இருந்திருக்காது.

குட்டி உடனே கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பெட்டை வைத்திருக்கும் வீட்டில், விதிப்படி நடந்தால், ஆண்டுக்கு அதிகபட்சம் இரண்டு ஈத்து. முன்பதிவுப் பட்டியல் இருக்கும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். எந்த நாளில் போன் செய்தாலும் பத்து இனம் "ரெடி ஸ்டாக்" என்பவர் வீட்டில் பெட்டைகள் இல்லை, கிடங்கு இருக்கிறது. காத்திருக்கும் காலத்தில் ஒருமுறை போய் வீட்டையும் தாயையும் பார்த்துவிட்டு வருவதற்குத் தடை சொல்லாதவரா என்பதும் தெரிந்துவிடும்.

அழைத்துவரும் நாளில் தடுப்பூசி அட்டை, பூச்சி மருந்துத் தேதிகள், சிப் எண், இதுவரை தின்ற தீனியில் ஒரு வாரத்துக்கானது, தாய் படுத்த துணியில் ஒரு துண்டு, எல்லாம் கூடவே வர வேண்டும். தீனியை முதல் நாளே மாற்றினால் கழிச்சல் போகும். அதைப் பார்வோ என்று நினைத்து வீடே கலங்கும். இரண்டு மூன்று நாளைக்குள் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரத்தநாட்டிலேயே 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம், தொப்புளில் குடலிறக்கம், ஆண் குட்டிக்கு விரை இறங்காமல் இருப்பது போன்றவை விற்பவர் கண்ணுக்கும் தப்பக்கூடியவை. மருத்துவர் கைக்குத் தப்பாது. அப்படி ஏதாவது தென்பட்டால் செலவு யாருடையது, குட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா, பணம் தருவாரா என்பதை அட்வான்ஸ் போடும் முன்பே பேசி, ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. சொந்தக்காரராக இருந்தால் இன்னும் நல்லது.